கமுகங்கன்றில் கட்டிய கயிறு

ஆவடி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று நடந்ததை எதையும் ஒளிக்காமல் எழுதப்போகிறேன்.

அண்ணன் பட்டாளத்துக்குப் போகுமுன் தொட்டியில் வைத்த கமுகங்கன்று இப்போதுதான் குருத்து விடுகிறது. அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அம்மா அதன் தண்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். அது இறுகி, குருத்து விரிய முடியாமல் கோணிவிட்டது. சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துத் தொட்டியின் கழுத்தில் கட்டினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி பண்ணிகினு கீறே? வேண்டிக்கினு கட்ன கயிறுடி அது!"

"குருத்தை நெரிக்குதும்மா. கன்னு செத்துட்டா அண்ணன் வந்து கேக்குமே?"

"பெரிய படிப்பாளி! அவனுக்கே எதுனா ஆயிட்டா?"

அம்மா கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் மறுபடி கன்றில் கட்டவில்லை.

கயிறு செடியை நெரிக்கும் என்று எனக்குத் தெரியும். அது ஆளைக் காக்காது என்று நிச்சயமாகத் தெரியுமா? அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.