நுரையூர்க் காற்றோலை நின்றதும் மீண்டதும்

மூன்று பக்கம் கடலாலும் நான்காம் பக்கம் குன்றாலும் காக்கப்படும் ஆழிவளை நாட்டின் பேரரசி நீலவேணிமாதேவியார் ஆணையை ஏற்று, குன்றக்கோட்டை ஓலைநாயகம் வெண்கோடன் எழுதுவது. வடதுறை ஊர்களின் தலைவி, உப்பங்கழி காத்த அரும்பாவையார் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் துறைகளில் வலை நிறைக. தங்கள் கழிகளில் நீர் வற்றாதிருக்க. தங்கள் வாயிலுக்கு வருவோர் முகம் மலர்ந்து திரும்புக.

வரும் மழைக்காலத்துக்கு முன் ஓலைக்கொடி தங்கள் நாட்டையும் வந்து தொடவிருக்கிறது. கோபுரத்துக்குக் கோபுரம் கயிறு கட்டி, எவர் வேண்டுமானாலும் ஓலை கோத்து, அதை ஊர் ஊராய் இழுத்துச் சுற்றிவரச் செய்யும் அந்த ஏற்பாட்டில் பெயரெழுதாத ஓலைகளை அனுமதிக்கலாமா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். நுரையூர்ச் செய்தி தங்கள் செவிக்கு எட்டியதாலேயே அப்படிக் கேட்டீர்கள் என்பதை அறிவோம். ஒரே வரியில் விடை எழுதி அனுப்பத்தான் முதலில் முயன்றோம். எழுதிப் படித்தபோது அது பாதி விடையாகவே இருந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம். விசாரித்ததை எழுதும்போது மக்கள் பேச்சை அவர்கள் பேசியபடியே பதிய வேண்டும் என்பது ஓலைச்சாலையின் வழக்கம். அது கரடுமுரடாகத் தோன்றினால் தலைவியார் பொறுத்தருள்க.

கொடியின் இரண்டு வழக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். ஓலையைப் படித்தவர் அதன் வால்நூலில் ஒரு முடிச்சிட வேண்டும். படித்தேன் என்பதைத் தவிர அந்த முடிச்சுக்கு வேறு பொருள் இல்லை. ஓலைக்குக் கீழே எவரேனும் மறுமொழி கட்டினால், அந்த ஓலை சுற்று முடிந்ததும் இறக்கப்படாது. மறுமொழியோடு இன்னொரு முறை எல்லா ஊர்களுக்கும் போகும். கேள்வி கேட்டவருக்கு விடை போய்ச்சேரட்டும் என்று நல்லெண்ணத்தோடு வைத்த வழக்கம் அது.

நுரையூரில் தூமணி என்றொரு பெண் இருக்கிறாள். காற்றுமேட்டில் ஏறி நின்று மேகத்தையும் நுரையையும் பார்த்து, மறுநாள் கடல் எப்படியிருக்கும் என்று மாலைதோறும் காற்றோலை எழுதிக் கட்டுவது அவள் பணி. தென்துறைப் படகுகள் அந்த ஓலையைப் பார்த்துத்தான் கரையை விட்டு நகரும். அவளுக்கு இடக்கண் சற்று விலகிப் பார்க்கும். பிறந்ததிலிருந்தே அப்படி. அவளும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, ஊரும் நினைத்ததில்லை.

ஒரு மாலை அவள் காற்று அடங்கும் என்று எழுதினாள். மறுநாள் மேற்கிலிருந்து கச்சான் வீசியடித்தது. எவர் உயிருக்கும் கேடில்லை. ஆனால் நக்கன் என்னும் படகோட்டியின் படகு கவிழ்ந்தது. அவர் அன்றே ஓலை கட்டினார்: “காத்து அடங்கும்னு எழுதின. கச்சான் வந்து கவுத்துடுச்சி. வலை போச்சு. என்ன சொல்ற தாயி?” தம் பெயரையும் எழுதியிருந்தார். தூமணி அதன் கீழேயே, மேகத்தைத் தான் தவறாகக் கணித்ததாகவும், இனி இருட்டும்வரை மேட்டிலேயே நின்று பார்ப்பதாகவும் எழுதிக் கட்டினாள். நக்கனும் அதோடு அடங்கினார். கோபமான ஓலைதான், ஆயினும் அவள் செய்த வேலையைப் பற்றியது, விடை சொல்லக்கூடியது. அதில் எமக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

மறுமொழி கட்டியதால் அந்த ஓலை இரண்டாம் சுற்று போயிற்று. சுறாமுனையில், தூமணியை ஒருநாளும் நேரில் கண்டிராத சில இளைஞர்கள் கையில் சிக்கிற்று. திரும்பி வரும்போது அதன் கீழே பெயரில்லாத ஓலையொன்று தொங்கியது. “கெழக்க பாத்து மேக்க எழுதுறவகிட்ட காத்தக் கேட்டா இப்படித்தான்” என்றிருந்தது. அடுத்து ஒரு நண்டின் படம் வந்தது. இரண்டு கண்களும் இரண்டு திசையில் நீண்டிருந்தன. அதற்கடுத்து, “நண்டம்மா, இன்னிக்கி எந்தப் பக்கம் பார்வை?” என்று ஒன்று. காற்றைப் பற்றியும் வலையைப் பற்றியும் எவரும் பேசவில்லை. எல்லாம் அவள் கண்ணைப் பற்றியே இருந்தன. ஒருவர் நிறுத்தினால் மற்றொருவர் தொடங்கினார்.

நுரையூர்க் கோபுரத்தில் கயிறு இழுப்பவள் செங்காந்தி. தூமணிக்குச் சிறுவயதுத் தோழி. வாய் சற்று நீளம், மனம் அதைவிடப் பெரியது. வந்த ஒவ்வோர் ஓலைக்கும் அவள் பதிலடி எழுதிக் கட்டினாள். “உங்க மூஞ்சிய மொதல்ல தண்ணியில பாருங்கடா” என்பது அவற்றுள் மென்மையானது. தோழிக்காகத் தான் ஒருத்தியாவது நிற்கிறோம் என்பது அவள் எண்ணம். ஆனால் கொடியின் வழக்கம் அவளுக்காக மாறவில்லை. அவள் மறுமொழி கட்டக் கட்ட, முதற்சுற்றிலேயே இறங்கிக் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஓலைகளெல்லாம் மறுபடி மறுபடி புறப்பட்டன. பார்க்காத ஊர்களும் பார்த்தன. வால்நூல்கள் முடிச்சால் கனத்தன.

தூமணி அந்த முடிச்சுகளை எண்ணத் தொடங்கினாள். முடிச்சென்றால் படித்தேன் என்றுதான் பொருள் என்பது அவள் சிறுமியாக இருந்தபோதே கற்றது. இருந்தும் தன் படம் வரைந்த ஓலையில் விரலால் தடவும்போது, ஒவ்வொரு முடிச்சும் ஒரு சிரிப்பாகவே அவளுக்குத் தட்டுப்பட்டது. மீன்சந்தையில் ஒரு பெண் ஏறிட்டுப் பார்த்தாலும் கண்ணைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. தலையைக் குனிந்து நடந்தாள். குனிந்த தலையோடு மேட்டில் ஏறி, வானத்தைப் பாராமலே இறங்கினாள். ஒரு மாலை காற்றோலை வரவில்லை. அடுத்த மாலையும் வரவில்லை. படகுகள் மணலிலேயே கிடந்தன.

அந்நாட்களில்தான் அந்த ஓலை வந்தது: “மேட்டுலேருந்து குதிச்சிப் பாரேன். குதிச்சாலும் வேற பக்கம்தான் விழுவ.”

செங்காந்தி அதைப் படித்ததும் எழுத்தாணியை எடுத்தாள். வழக்கம்போல் ஏச எண்ணியவள், எழுதாமலே அதைக் கீழே வைத்தாள். அந்த ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோழியின் வீட்டுக்கு ஓடினாள். தூமணி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசியதை இருவரும் தனித்தனியே எம்மிடம் சொன்னார்கள், மாறுபாடில்லை.

“ஏ புள்ள, நல்லாத்தான இருக்க?”

“நீ இன்னும் எத்தன எழுதப்போற, செங்கா?”

“ஒனக்காகத்தானடி எழுதுனேன்.”

“தெரியும். ஆனா நீ கட்டுற ஒவ்வொண்ணும் அதத் திரும்ப என் வாசலுக்கே இழுத்துட்டு வருது. அவங்க ஒரு தடவதான் சொன்னாங்க. மத்ததெல்லாம் நீ சொல்லவச்சது.”

செங்காந்தி, மேட்டுக்குத் தனியே போகாதே, நான் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த ஓலையை அவள் காட்டவில்லை. அப்படியொன்று வந்திருக்கிறது, அதை அரசிடம் கொண்டுபோகிறேன் என்று மறைக்காமல் சொன்னாள். தூமணி அதன்பிறகுதான் அழுதாள்; அழுது முடித்தபின் இருவரும் கஞ்சி குடித்தார்கள்.

மறுநாள் செங்காந்தி எதற்கும் மறுமொழி கட்டவில்லை. கொடியிலிருந்த ஓலைகளை இறக்கி, ஒன்றையும் கிழிக்காமலும் எரிக்காமலும், வந்த வரிசை குலையாமல் கூடையில் அடுக்கி, குன்றக்கோட்டைக்குத் தானே சுமந்து வந்தாள். அவள் அன்று கோபத்தில் எரித்திருந்தால் எம்மிடம் காட்ட எதுவும் இருந்திருக்காது.

இனி எம் பங்கு. எவர் ஓலை கட்டினார் என்பது அந்தந்தக் கோபுரத்தாருக்குத் தெரியும். சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் அவர்கள். வரிவாங்கும் அதிகாரி கொடுமை செய்தால் ஏழை ஒருவன் அஞ்சாமல் எழுதட்டும் என்றே பெயரில்லா ஓலைக்குப் பேரரசியின் முன்னோர் இடம் கொடுத்தார்கள். அந்தக் கதவை அடைத்தால் மகிழ்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தோம். எம் போன்ற அதிகாரிகளே. அதே கதவைத் திறந்தே வைத்தால் இன்னொரு தூமணி குனிந்து நடப்பாள். எத்தனை முறை எண்ணியும் எமக்கு முழுத் தெளிவு வரவில்லை என்பதைத் தலைவியாரிடம் மறைக்க விரும்பவில்லை. இறுதியில், உயிரை விடத் தூண்டிய அந்த ஓலைக்கு மட்டும் சத்தியம் காவலாகாது என்று பேரரசி ஆணையிட்டார். சுறாமுனைக் கோபுரத்தார் அதைச் சேர்ந்து கட்டிய மூன்று பேரை அழைத்துவந்தார்கள்.

சும்மா சிரிப்பதற்காகக் கட்டியதாக அவர்கள் சொன்னார்கள். அது பொய்யென்று எமக்குத் தோன்றவில்லை. அதனாலேயே மனம் இன்னும் கசந்தது. அவர்கள் பெயரையும் முகத்தையும் எழுதிக் கொடியில் சுற்றவிடுவதே தக்க தண்டனை என்று அவையில் பலர் சொன்னார்கள். தூமணியை வரவழைத்துக் கேட்போம் என்றோம். அவள் தலை குனிந்தபடியே சொன்னாள்:

“வேணாங்கய்யா. அவங்க பேரு ஊர் ஊரா சுத்துனா, நாளைக்கி அவங்க அம்மா ஒக்காந்து முடிச்ச எண்ணுவா.”

அவையோர் அந்தத் தண்டனையைக் கைவிட்டார்கள்.

ஆகவே அந்த மூவரும் இந்தப் பருவம் முடியும்வரை நுரையூரில் தங்கி, காற்றோலை வந்ததும் அதைக் கரைக்கு எடுத்துச்சென்று, படகோட்டிகளுக்கு உரத்த குரலில் படித்துச்சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் படிப்பதற்கு ஓலை வேண்டுமே. எழுது என்று அவளுக்கு ஆணையிட எமக்கு மனம் வரவில்லை.

அதை முடித்துவைத்தவர் நக்கன். நாட்கணக்கில் கரையில் கிடந்து சலித்தவர், கோபுரத்துக்கு வந்து ஓர் ஓலை கட்டினார். ஆறுதலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. “தாயி, நாளைக்கிக் காத்து எப்புடி? நக்கன்” என்று மட்டும் இருந்தது. மறுசுற்றில் அதன் கீழே பல ஊர்ப் படகோட்டிகள் தத்தம் பெயரெழுதி அதே கேள்வியைக் கட்டியிருந்தார்கள்.

தூமணி அந்த வால்நூலைத் தடவிப் பார்த்தாள். பிறகு செங்காந்தியைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். தலையை நிமிர்த்தி, இருட்டும்வரை வானத்தைப் பார்த்தாள். மறுநாள் சுறாமுனை இளைஞருள் மூத்தவன் கரையில் நின்று படித்தபோது குரல் எழும்பவில்லையாம். “டே தம்பி, கடலுக்குக் கேக்கவேணாம், எனக்காவது கேக்கட்டும்” என்று நக்கன் சொல்ல, கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் தூமணியும் இருந்தாள்.

ஆகையால் வடதுறைத் தலைவியார் அறிக. பெயரில்லா ஓலை தங்கள் நாட்டிலும் இருக்கட்டும். ஒருவர் செய்த வேலையைக் குறைசொல்லும் ஓலை எவ்வளவு கசப்பாயினும் ஏறட்டும். ஒருவரின் உடலையோ பிறப்பையோ பிடித்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவராய்த் துரத்தும் ஓலையைக் கோபுரத்தார் கண்டதும் இறக்கி, அழிக்காமல் வைக்கவேண்டும். கட்டியவர் வெட்கப்பட்டு வந்து கேட்டால் திருப்பித் தரலாம். எவரும் அதற்கு மறுமொழி கட்டலாகாது. சொல்ல வேண்டியதைத் துன்பப்பட்டவரின் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லட்டும். உயிருக்குக் குறிவைக்கும் சொல் வந்தால் அன்றே அரசுக்கு அனுப்பட்டும், துன்பப்பட்டவரைத் தனியே விடாதிருக்கட்டும். இதில் குறையிருந்தால் தலைவியார் எழுதுக, திருத்திக்கொள்வோம்.

இவ்வோலையைத் தங்கள் கோபுரங்களில் படித்துக்காட்டி, வால்நூலில் முடிச்சிடாமல் வைக்க என்பது பேரரசியின் ஆணை. வலம்புரி முத்திரை இட்டோம்.

முத்திரை காயும் வேளையில், தங்கள் எல்லைக்குப் போகும் கயிற்றில் முதலில் ஏறவேண்டியது என்று செங்காந்தி ஓர் ஓலையைக் கொண்டுவந்து தந்தாள். உடன் இணைத்துள்ளோம். அதன் வாசகம்:

“நாளை வாடைக்காற்று, மெல்ல வீசும். விடிந்ததும் கடலுக்குப் போகலாம். தூமணி, நுரையூர்.”