கால் கட்டைவிரலின் சாட்சி

மாப்ள,

விடிந்ததும் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சூடாக்கி, ஒரு துண்டு கற்பூரத்தைக் கிள்ளிப் போட்டேன். இந்த உலகச் சண்டைக் காலத்தில் கற்பூரம் கிடைப்பதே பெரும்பாடு. உனக்கென்று டப்பாவில் ஒளித்து வைத்திருந்தது அது. வாசனை எழுந்ததும் அடுப்படியில் நின்ற என் மனைவி, "அண்ணே உள்ள வந்த மாதிரியே இருக்குங்க" என்றாள்.

நீ மௌத்தாகி இன்றோடு நாற்பது நாள். உன்னை அடக்கிய அன்று, நாற்பதாம் நாள் காலையில் திருப்பரங்குன்றம் மலையை நிற்காமல் ஓடிச் சுற்றி வருவதாக உன் கபர் பக்கத்தில் நின்று வாக்குக் கொடுத்தேன். எண்ணெய் காய்ச்சியது அதற்காகத்தான். இப்போது ஓடாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பதை வேறு யாரிடம் சொல்ல?

உனக்குத் தொழில் பஞ்சு அடித்து மெத்தை தைப்பது. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. நாள் முழுக்க நாற்காலியைத் தேய்த்துவிட்டு, சாயங்காலமானால் பேய் பிடித்தவன்போல ஓடுவேன். ஓடி முடித்து உன் கடைக்கு வந்தால், என்னைப் பஞ்சுப் பொதியில் சாய்த்து, காலை எடுத்து உன் மடியில் போட்டுக்கொண்டு, கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக மேலே மேலே உருவி விடுவாய். தாலீமில் குஸ்தி பழகும் பயில்வான்களுக்கு மாலீஷ் செய்து பழகிய கை. பஞ்சுக்குள் ஒற்றை விதை கிடந்தாலும் தடவியே எடுத்துவிடும் விரல்கள். "பஞ்சுல கட்டி இருந்தா அடிக்கலாம் மாப்ள. சதையில கட்டி இருந்தா கெஞ்சத்தேன் வேணும்" என்பாய்.

உருவி முடித்ததும் கெண்டைக்காலின் நடுவில் உன் பெருவிரலால் ஒரு அழுத்து. கூடவே கேள்வி: "ராத்திரி தூங்குனியா? வீட்டுல எரிஞ்சு விழுந்தியா?" ஓடுகிற காலுக்கும் வீட்டுச் சண்டைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டால், "ஒடம்பு ஓஞ்சுபோச்சுன்னா மொதல்ல வாய்தேன் நீளும்" என்று சிரிப்பாய்.

அந்தப் பந்தயத்தை மறப்பாயா? டவுனில் புறப்பட்டு, மலையைச் சுற்றி, டவுனுக்கே திரும்ப வேண்டும். இரண்டு வருசம் இரண்டாவதாக வந்து வயிறு எரிந்து கிடந்தவன் நான். மூன்றாவது வருசம் விடுவதில்லை என்று மூன்று மாதமாக ஒரு நாள்கூட விடாமல் ஓடினேன். பந்தயத்துக்கு இன்னும் ஐந்தே நாள். அன்று நீ அழுத்தினாய். உயிர் போகிற வலி. பல்லைக் கடிக்காமல், கண்ணைச் சுருக்காமல், கல்யாண மாப்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்லையே."

"பொய்யி. ஓன் மூஞ்சிய எவன் பாத்தான்? நான் ஓன் கால் கட்டவெரலப் பாத்துக்கிட்டிருக்கேன். எப்பிடி மடங்குது பாரு! நாலு நாளைக்கு ஓடாத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓட வைக்கத்தான்டா ஒங்கிட்ட வாரேன். ஒக்கார வைக்க நீ எதுக்கு?"

"ஒக்காரச் சொல்லத்தேன் இந்தக் கை. ஓடிக்கிட்டே இருக்கணும்னா வண்டி அச்சுக்கு மசகு போடுறவன்கிட்டப் போ. மல எங்கயும் போயிராது மாப்ள. காலுதேன் போயிரும்."

மறுநாள் உனக்குத் தெரியாமல் சமயநல்லூர் வரைக்கும் ஓடினேன். திரும்பும் வழியில், பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லெறிந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. ரோட்டோரம் விழுந்து கிடந்து, ஜட்கா ஏறி வீடு வந்து சேர்ந்தேன். தகவல் கேட்டு வந்தாய். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வாயோ என்று பயந்தேன். சொல்லவில்லை. எண்ணெயையும் எடுக்கவில்லை. "கிழிஞ்சதத் தேய்க்கக் கூடாது. ஆறட்டும்" என்று காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தாய். பந்தயம் போச்சே என்று சின்னப்பிள்ளைபோல் அழுதேன். நீ என் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த வருசம் உன் கை சம்மதித்த நாட்களில் மட்டும் ஓடி மூன்றாவதாக வந்தேன். மூன்றாவது! ஆனால் மறுநாள் நொண்டாமல் ஆபீஸுக்கு நடந்து போனேன். அதற்காக நீ கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் சர்பத் வாங்கிக் கொடுத்தாய், கிறுக்கா.

இந்த நாற்பது நாளும் மறுபடி புத்தி கெட்டுப்போனேன். துக்கத்தை ஓடியே தீர்த்துவிடலாம் என்று நினைப்பு. மழையிலும் ஓடினேன். தூக்கம் இல்லை. முந்தாநாள் சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். பாவம், அவள் உப்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். இன்று காலை, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, நானே என் கெண்டைக்காலை அழுத்தினேன். முகம் சும்மாதான் இருந்தது. கால் கட்டைவிரல் மடங்கியது.

பார்ப்பதற்கு நீ இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கோ வெளியே இழுத்தது. நிசமாகவே வாசல்வரை போய்விட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பந்தயத்திலும் எனக்கு அம்புட்டு மூச்சு வாங்கியதில்லை. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இனி எவன் வந்து இழுத்தாலும் இன்று எழுந்து ஓட மாட்டேன்.

மத்தியானம் உன் வீட்டில் பாத்திஹா ஓதுகிறார்கள். ஜட்காவில்தான் வருவேன். நாலு நாள் கழித்து மறுபடி அழுத்திப் பார்ப்பேன். விரல் மடங்கினால் இன்னும் நாலு நாள். மடங்காத அன்று உனக்காக ஓடுவேன், அது சத்தியம்.

மல எங்கயும் போயிராதுன்னியே மாப்ள. சரியாத்தேன் சொன்ன. நீதேன் போயிட்ட.