மண்வெட்டிப் பிடியும் மூன்று மாத வைப்பும்

கனகராயன்குளம்,
11.12.2022

அன்பு மகள் சிவரூபிக்கு,

இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடித் திரியும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் மருமகனும் பேத்தியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று புதூர் நாகதம்பிரானை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று கிழமையாக நீ போன் எடுக்கும்போதெல்லாம் அப்பா வயலுக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னது பொய். முதல் கிழமை நான் வீட்டிலேயே இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற நாட்களில் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம். மாங்குளத்துக் குகதாசன் மாஸ்டர் வருகிற கிழமை டென்மார்க்கில் இருக்கும் தன் மகனிடம் வருகிறார், இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஊர்ச் சனம் ஒருவனை அடிக்கிற வீடியோ ஒன்று பேஸ்புக்கில் சுற்றுகிறது. நீயும் பார்த்திருப்பாய். அதில் கோடு போட்ட சாரத்தோடு முதுகைக் காட்டி நின்று மண்வெட்டிப் பிடியால் அடிப்பவன் நான். அடி வாங்குகிறவன் உன்னோடு ஏ.எல். வரை படித்த விஜிதரன்.

பங்குனியில் நீ கூரை மாற்ற அனுப்பிய எட்டு இலட்சம் ஞாபகம் இருக்கும். தகரமும் மரமும் விலை ஏறிப்போனதால் வேலையைத் தள்ளிப்போட்டோம், அதுவரைக்கும் வங்கியில் மூன்று மாத நிலையான வைப்பில் போடுங்கோ அப்பா என்று நீ சொன்னாய். நானும் ஓம் என்றேன். போடவில்லை. வட்டி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் கூடுமே என்று சேமிப்புப் புத்தகத்திலேயே வைத்து நாளைக் கடத்தினேன். ஆவணியில் விஜிதரன் வந்தான். வவுனியாவில் புதிதாகத் திறந்த ஒரு கொம்பனிக்கு ஆள் சேர்க்கிற வேலை, புது மோட்டார் சைக்கிள், கையில் படிவங்கள். மாதம் ஐந்து வீதம் என்றான். "வங்கி ஒரு வருசத்தில தாறதை இவங்கள் நாலு மாசத்தில தருவாங்கள் ஐயா" என்றான். அந்தக் கொம்பனி யாருடைய அனுமதியோடு சனத்திடம் காசு வாங்குகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். எட்டு இலட்சத்தையும் கொடுத்தேன். புரட்டாதியிலும் ஐப்பசியிலும் சொன்ன திகதிக்கு வட்டி வந்தது. வங்கியில் போட்டவர்களைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்த நாட்கள் அவை.

கார்த்திகை பதினேழாம் திகதி காலை வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். வவுனியாவுக்குப் போன ஆட்கள் முதல் பஸ்ஸிலேயே திரும்பி வந்து, கொம்பனியின் கதவில் பூட்டுத் தொங்குகிறது, பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டார்கள் என்றார்கள். எல்லோரும் குளக்கட்டுக்குக் கீழே விஜிதரன் வீட்டுக்கு ஓடினார்கள், நானும் மண்வெட்டியோடு ஓடினேன். நியாயம் கேட்கத்தான் போனேன் என்று பொலிஸில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை பிள்ளை. வேலி தாண்டும்போதே அலகைத் தட்டிக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அதை யோசித்துச் செய்யும் அளவுக்கு எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். நுரையோடு தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து கிணற்றுக் கயிற்றாலேயே வேப்ப மரத்தில் கட்டினார்கள். முப்பது பேருக்குமேல் இருக்கும். மகளின் கலியாணக் காசைக் கொடுத்திருந்த ஜெயரூபி செருப்பால் அவன் வாயில் அடித்தாள், உதடு கிழிந்து பல் தெரிந்தது. யாரோ மோட்டார் சைக்கிளைச் சாய்த்து அதன் பெற்றோலை அதற்கே ஊற்றிக் கொளுத்தினார்கள். பெற்றோல் தாங்கி வெடித்த சத்தத்தோடு சனத்துக்கு வெறி கூடிவிட்டது. கல்லாலும் தடியாலும் விழுந்த அடியில் கயிறு அவிழ்ந்து அவன் நிலத்தில் விழுந்தான். என்னைக் கண்டதும் தவழ்ந்து வந்து காலைப் பிடித்தான். "ஐயா, நீங்களாவது நான் சொல்றதைக் கேளுங்கோ" என்றான். நான் கேட்கவில்லை. முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கை தூக்கினான், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த பூவரசம் கொப்பை முறிப்பது போன்ற சத்தம். கேட்ட பிறகும் நான் நிறுத்தவில்லை. மூன்றாவது அடி காதோடு சேர்த்துத் தலையில். நாலாவதற்கு ஓங்கியபோது அவன் தாய் ராக்காயி எங்கிருந்தோ ஓடி வந்து அவன்மேல் குப்புற விழுந்தார். அந்த அடி அவருடைய தோள்பட்டையில் இறங்கியது. இனக் கலவரத்தில் மலையகத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நாற்பது வருடமாக எங்கள் வயல்களில் நாற்று நட்ட மனிசி. அவர் அழவில்லை. "என்னையும் அடிங்க. என் தோடு வித்த காசும் அந்தக் கொம்பனியிலதாங்க கெடக்கு" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையை எடுத்து என் காலடியில் போட்டார். உள்ளே என்னிடம் இருந்ததைப் போலவே ஒரு பற்றுச்சீட்டு, முப்பதாயிரம் ரூபாய்க்கு. பிடியைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். பொலிஸ் வரும்வரை எழும்பவில்லை.

ஆறு நாள் விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தேன். அம்மா என்னோடு சண்டை பிடிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தினமும் சோறு கட்டிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் ராக்காயிக்கும் மகனுக்கும் கொடுத்துவிட்டு வந்து எனக்கும் போட்டாள். ஒரு நாள் மட்டும் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் உங்கட சட்டைப் பைக்குள்ள கை விட்டு எடுக்கேல்லை. கூடக் கிடைக்குமெண்டு நீங்கள்தான் தேடிப் போய்க் குடுத்தனீங்கள்." இன்னொன்றும் கேட்டாள், அவன் நாற்று நடுகிறவளின் மகனாக இல்லாமல் கடைக்காரர் வீட்டுப் பெடியனாக இருந்திருந்தால் உங்களுக்கு இப்படிக் கை நீண்டிருக்குமா என்று.

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் தகடு வைத்திருக்கிறார்கள், இடது காது இனிக் கேட்காதாம். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன், இருங்கோ என்று அவன் சொல்லவில்லை. "கோட்ஸில நீதவான் கேட்டால் நடந்ததைத்தான் சொல்லுவன் ஐயா. எனக்கு மூண்டு, அம்மாவுக்கு ஒண்டு. கூட்டியும் சொல்ல மாட்டன், குறைச்சும் சொல்ல மாட்டன்" என்றான். சொல்லு என்றேன். என் சட்டத்தரணி, வீடியோவில் முகம் தெரியவில்லை, நான் அடிக்கவில்லை என்று சொன்னால் போதும் என்கிறார். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை, ஆகவே பெரிய சட்டத்தரணி வைக்கக் காசு அனுப்புகிறேன் என்று நீ தொடங்காதே.

இனிக் காசுக் கதை. உழவு இயந்திரத்தை விற்றேன். வந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு ராக்காயியிடம் போனேன். வழக்கை விடச் சொல்லித் தருகிறேன் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கு அது பாட்டில் நடக்கட்டும், இது வைத்தியச் செலவுக்கு என்று அம்மா இரண்டு தரம் விளங்கப்படுத்திய பிறகுதான் சம்மதித்தார். மிச்சத்தோடு வங்கிக்குப் போனோம். அங்கே பஸ்லியா என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறாள், நல்ல பொறுமை. கூடிய வட்டி என்றால் ஐந்து வருடத்துக்கே கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வட்டி ஏறிட்டு இருக்கிற நேரம் எல்லாத்தையும் நீளத்துக்குப் பூட்டி வைக்காதீங்க ஐயா. மூணு மாசத்துக்குப் போடுங்க, முடியக்குள்ள அன்றைய வட்டி கூடவா இருந்தா அதுக்கு மாத்தலாம், குறைஞ்சா அப்ப யோசிக்கலாம்" என்றாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் பகுதி பகுதியாகப் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு கைக்கு வரும் என்றும், இடையில் உடைத்தால் வட்டி வெட்டுவார்கள், அதனால் அவசரத்துக்கு வேண்டியதைச் சேமிப்புப் புத்தகத்தில் விடுங்கள் என்றும் சொன்னாள். அவள் சொன்னபடியே முதல் பகுதியை இந்த மாதம் எட்டாம் திகதி மூன்று மாத வைப்பில் போட்டோம். திறைசேரி உண்டியல் என்று ஒன்றும் இருக்கிறது, அரசாங்கம் எங்களிடம் மூன்று மாதத்துக்குக் கடன் வாங்குவது, வட்டி இன்னும் கூட. ஆனால் நாடு தானே கடன் கட்ட முடியாமல் நிற்கிற நேரத்தில் எனக்குத் துணிவு வரவில்லை, நீ விசாரித்துச் சொல். வைப்புக்கு அனுமதி உள்ள நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறதாம், அதை என் முன்னாலேயே திறந்து காட்டினாள். அந்தக் கொம்பனியின் பெயரை மேலிருந்து கீழாக இரண்டு தரம் தேடினேன். இல்லை. ஆவணியில் பத்து நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருந்தால் ஒரு மனிசனுக்கு இன்றைக்கு இரண்டு காதும் கேட்கும்.

அரிசி விற்கிற விலைக்கு இந்த வட்டி லாபம் இல்லை பிள்ளை, காசு கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். அங்கேயும் எங்கள் சனத்துக்குள் கூடிய வட்டி தருகிறோம் என்று வருவார்கள். தெரிந்த முகம் என்று பார்த்துக் கொடுத்துவிடாதே. மருமகனுக்கும் சொல். பேத்தி என்னைப் பற்றிக் கேட்கும் வயது வரும்போது மறைக்காமல் சொல்லு, நான் சொல்லச் சொன்னேன் என்றும் சொல்லு.

நாகதம்பிரான் உங்கள் மூவரையும் காக்கட்டும். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி நடக்கட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. வழக்கு மாசி இருபத்தோராம் திகதி, என்னை உள்ளே போட்டாலும் போடுவார்கள். அந்த முதல் வைப்பு முதிர்வது பங்குனி எட்டாம் திகதி. எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, அம்மா தனியாகவே கையெழுத்துப் போடலாம், ஆனால் அன்று போய்ச் சொல்லாவிட்டால் அதே காலத்துக்குத் தானாக மாறிவிடும். ஆகவே அன்று விடியவே அவளுக்குப் போன் எடு. எனக்குத் தெரியும் என்பாள், என்றாலும் எடு. செலவு போக மிஞ்சியதை ராக்காயியும் அதே நாள்தான் அங்கே போட்டார், இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் போகச் சொல். நான் பக்கத்தில் இல்லாத நேரம் அவர் அம்மாவோடு நன்றாகக் கதைக்கிறாராம்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரான அப்பா,
சி. ஐயாத்துரை