திருவிருந்துக்கு நான் எழுதாத பெயர்

என் சண்டைக்காரத் தங்கச்சி சலோமிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இதற்குள் திருத்தணி மதராசோடு சேர்ந்துவிட்டது. நகரியில் இருக்கும் நைனாவும் நானும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். நீ ஆசைப்பட்டபடியே நடந்தது. செத்த பிறகும் கேட்டது கிடைக்கிறது உனக்கு! எனக்கு வயிறு எரிகிறது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சபை உபதேசியார் பெற்ற பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்று நைனா சொல்வார். நான் அப்படியே இருப்பேன், நீ சிரிப்பாய். எனக்குப் பிடித்த வாத்தியார் ஞானஸ்நானம் வாங்காதவர் என்று நைனா வேண்டாமென்றார். நானே அவருக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து நீ நெசவுக்காரர் முனுசாமியோடு திருத்தணிக்குப் போய், கோயிலில் தாலி கட்டிக்கொண்டாய். கீழ்ப்படிந்தவளுக்கு என்ன கிடைத்தது, சொல் பார்ப்போம்?

சபை உன்னைத் திருவிருந்திலிருந்து விலக்கியது. எனக்கு அது நியாயமாகப் பட்டது, உள்ளுக்குள் இனிப்பாகவும் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு ரயிலேறி வந்து கடைசியில் உட்காருவாய். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கத் தொடங்கியதும் எழுந்து வெளியே போவாய். நான் முன்னால் போய் முழங்காலிடுவேன்.

திருவிருந்து வாங்குகிறவர்கள் முந்தின நாளே பெயர் கொடுக்கவேண்டும் என்பது நம் சபை வழக்கம். அந்தப் பெயர்களை எழுதுகிறவள் நான். போன வருடம் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார்.

“எஸ்தரு, ஒன் தங்கச்சி அழுதுக்கினே போறத எத்தினி நாளு பாக்கறது? பேரு குடுக்கச் சொல்லு. நான் அப்பம் குடுக்கறேன்.”

நான் உன்னிடம் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, சலோமி. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இருபது வருடம் அடங்கி நடந்த நானும், மனம்போல் வாழ்ந்த நீயும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிடுவதா? அதற்குப் பிறகும் எட்டு ஞாயிறு நீ எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். போதகர் அப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்தார். “சொல்லி அனுப்பினனேம்மா, ஏன் வரல?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

“வெக்கமா இருந்திச்சி ஐயா” என்றாய்.

அப்பம் வாங்கியபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நான் ஒண்ணுமே செய்யல. ஆண்டவரே என்னத் தேடிக்கினு வந்துட்டாரு” என்றாய். அந்த முகம்! இத்தனை வருடம் முழங்கால் தேய்ந்தும் எனக்கு வராத முகம். இரட்சிப்பு கிருபையால்தான் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்தான். உனக்கு அது கிடைத்தபோதுதான் தெரிந்தது, நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை என்று. கூலிக்கு நின்றிருக்கிறேன். கூலிக்குச் செய்தது கீழ்ப்படிதலில் சேருமா?

நைனா வருகிறவர்களிடமெல்லாம், “சின்னது வெக்கப்பட்டுக்கினே வராம இருந்துட்டுது, பாவம்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னிக்க உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே, எப்படியடி முடிந்தது?

வருகிற சனிக்கிழமை போதகரிடமும் நைனாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். எனக்கும் திருவிருந்து நின்றுபோகலாம், போகட்டும். யாரும் சொல்லாமல் நானாக ஆண்டவருக்குக் கீழ்ப்படிவது இதுதான் முதல் தடவை. உன்மேல் பொறாமை இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை காத்திருக்க மாட்டேன்.

உன் வயிற்றெரிச்சல்காரி அக்கா,
எஸ்தர்