வாசல் வரிசைக் கோழிகள்

மார்ச் 4

அம்மா தூங்கியாச்சு. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கோழிகளுக்கு ரத்தம் எடுத்த சங்கதி வெளியே போகக் கூடாதாம். போனால் ஒருத்தரும் நம்மிடம் முட்டை வாங்க மாட்டார்களாம். எனக்கோ சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். அதனால் இங்கே.

எங்கள் கோழிகள் மெலிந்து மெலிந்து சாகின்றன. கால்நடை டாக்டரம்மா ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க வெள்ளைக் கட்டிகள். "இப்படிக் கட்டி வர வைக்கிற வைரஸ்ல ஒண்ணுக்கு, குஞ்சு பொரிச்ச அன்னைக்கே ஊசி போட்டாச்சு. இன்னொண்ணுக்கு ஊசியே கிடையாது. அது தாய்க்கோழிகிட்டேருந்து முட்டை வழியா வரும். வந்திருந்தா, உடம்பு அதோட சண்டை போட்ட தடயம் ரத்தத்துல இருக்கும்" என்றார். அந்தத் தடயத்துக்குப் பெயர் எதிர்ப்பொருள்.

தாய்க்கோழிகள் அம்மாவின் தம்பியுடையவை. மாமாவின் பொரிப்பகத்திலிருந்துதான் நாங்கள் குஞ்சு வாங்குகிறோம்.

அம்மா முட்டை வண்டியோடு சந்தைக்குப் போய்விட்டதால் இன்று மாமாதான் கோழி பிடித்துக் கொடுத்தார். நான் குழாய்களை வாங்கி வைத்தேன். இறக்கையைத் திருப்பினால் உள்ளே நீல நரம்பு. "ஏ வெடவெட, மயங்கி விழுந்தா தூக்க ஆளில்ல, முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார் மாமா. நான் எதற்கெடுத்தாலும் நடுங்குவதால் அவர் வைத்த பெயர் அது. விழவில்லை! குழாயைச் சாய்த்து வை, குலுக்காதே என்றார் டாக்டரம்மா. ஒன்றைக்கூடக் குலுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே தெளிவாக மஞ்சள் நீர் நின்றது. அதைத்தான் சோதிப்பார்களாம். நான் வைத்த குழாய்கள்!

மார்ச் 12

எதிலும் எதிர்ப்பொருள் இல்லையாம். "என் தாய்க்கோழி எல்லாம் சொக்கத் தங்கம்க்கா" என்று மாமா தோளைத் தட்டிக்கொண்டார். அம்மா எத்தனை நாள் கழித்துச் சிரித்தாள்! அடுத்த வாரம் மாமாவிடமிருந்து புதுக் குஞ்சு இறக்கப்போகிறார்கள். மற்ற பண்ணைகளுக்கும் போகிறதாம்.

மார்ச் 13

தூக்கம் வரவில்லை.

தீனி போடும்போதுதான் உறைத்தது. ரத்தம் எடுத்ததெல்லாம் வாசல் வரிசையில். "உள்ள போனா அத்தனையும் மிரண்டு முட்டையை நிறுத்திடும், இங்கேயே புடிச்சிக்கலாம்" என்றார் மாமா. அது சரிதான், எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் வாசல் வரிசைக் கோழிகள் மாமாவிடம் வாங்கியவை இல்லை. வெயிலில் செத்ததற்குப் பதிலாக அம்மா வேறு பண்ணையிலிருந்து கொண்டுவந்து போட்டவை. அலகு நுனி வெட்டியிருக்கும் விதமே வேறு.

மாமாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் புடிச்சாரா? சீ, மாமா அப்படி இல்ல. இல்லதானே?

சொன்னா மாமா இந்தப் பக்கமே வரமாட்டார். அம்மாவுக்கு வேற யாரு இருக்கா? சொல்லலேன்னா அந்தக் குஞ்சுங்க ஊரெல்லாம் போயிடும் –

மார்ச் 14

சொல்லிட்டேன்.

மார்ச் 15

நேற்று கை ஓடவில்லை. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

அம்மா முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் கை நின்றது. திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் ஆளைக் காணோம். கொட்டகையில் ஒரு கோழியின் அலகைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எடுத்தது இதுங்களா?"

"ஆமாம்மா."

அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டாள். "தம்பி, குஞ்சை யாருக்கும் குடுக்காதே. திரும்ப ரத்தம் எடுக்கணும்."

மாமா கத்தியது எனக்கே கேட்டது. "சின்னப்புள்ள பேச்சைக் கேட்டு என் பொழப்புல மண்ணைப் போடுறியாக்கா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவ தெனமும் தீனி போடுறவ. நீயும் நானும் கவனிக்காததைக் கவனிச்சிருக்கா."

அம்மா என்னைப் பற்றி அப்படிச் சொன்னாள். நெஞ்சு புடைத்துப் போயிற்று. பயமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்குமா? எனக்கு இருக்கிறது.

மார்ச் 17

இந்தத் தடவை எல்லா வரிசையிலிருந்தும் எடுத்தார்கள். "எங்கேருந்து வந்த கோழின்னு நான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. அம்மாவே பிடித்தாள். "முட்டை குறையுமே?" என்றேன். "குறையட்டும் போ" என்றாள். மாமா வரவில்லை.

மார்ச் 25

வாசல் வரிசையில் எதிர்ப்பொருள் இல்லை. மற்ற எல்லா வரிசையிலும் இருக்கிறது.

மாமா வீட்டு அத்தை போனில், "என்ன அண்ணி, உங்க பொண்ணு இப்பவே டாக்டராயிட்டாளாமே. ஃபீஸ் எவ்வளவு?"

அம்மா, "உனக்கு இலவசம்தான், வா."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கிற விஷயமா அது? சிரித்தோம்.

மார்ச் 29

மாமா இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 2

காலையில் வாசலில் மாமா வண்டி. அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னிடம், "பரீட்சை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"அப்ப ஏறு. நீயும் வாக்கா."

பொரிப்பகத்தில் இயந்திரம் ஓடவில்லை. அடைவைத்த முட்டைகளைக் குழியில் போட்டு மூடிவிட்டாராம். ஏற்கெனவே குஞ்சு வாங்கிய பண்ணைகளுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டாராம். வாசல் வரிசை வேறு கோழி என்பது அவருக்குத் தெரியாதாம். வழியில் அவராகவே சொன்னார். நம்புகிறேன்.

டாக்டரம்மா முன்பே வந்திருந்தார். செருப்பை மாற்றி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துக் கொட்டகைக்குள் போனோம். தாய்க்கோழிகளின் ரத்தம் மட்டும் போதாதாம், முட்டை வெள்ளைக்கருவில் வைரஸ் இறங்குகிறதா என்றும் பார்த்து நோய் பரப்புகிறவற்றைப் பிரிக்க வேண்டுமாம். எத்தனை மிஞ்சுமோ.

"எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார் டாக்டரம்மா.

மாமா என் பக்கம் கையைக் காட்டினார். "அவளைக் கேளுங்க."

நான் உள்கோடிவரை நடந்தேன். கோழிகள் மிரண்டு இறக்கையை அடித்தன, தூசி பறந்தது. மாமா குனிந்து ஒன்றைப் பிடித்து இறக்கையை விரித்தார். நான் குழாயை நீட்டினேன்.