காலுக்கா, வாய்க்கா?

மதினி,

நேற்று மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளை உதறும்போது அதன் பையிலிருந்து உங்கள் சுண்ணாம்பு டப்பா விழுந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் மகள் ஜெசி என்னிடம் தந்தது. தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தேன். திறந்ததும் புகையிலையும் காய்ந்த சுண்ணாம்பும் கலந்த அதே வாடை. ஒரு நிமிஷம் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துக்குள் உங்கள் பக்கத்து நிரையில் நின்றேன்.

மழை மாதத்தில் அந்த டப்பாவுக்கு இரண்டு வேலை. அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையோடு குழைத்துக் காலில் தடவுவோம். விரலில் மிச்சம் ஒட்டியிருப்பது வெற்றிலைக்குப் போகும். குளிருக்குக் கன்னத்தில் ஒரு உருண்டை அடங்கியிருந்தால்தான் நமக்குக் கையே ஓடும். அட்டை சுருண்டு விழுகிற சாமானை வாயில் வைக்கிறோமே என்று நம் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. அவ்வளவு புத்திசாலிகள்.

ஒருநாள் பறித்த கொழுந்தோடு நிறுவைக்குப் போகிற அவசரத்தில் என்னை நிறுத்தி, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினீர்கள். "ஏட்டி, இங்கன கொஞ்சம் பாரு. உறைப்புப் பட்டா எரியுது." வெள்ளையாக ஒரு திட்டு. கூடைப் பாரத்தோடு அரைப் பார்வை பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு பட்டு வெந்து பொத்திருக்கு மதினி, தேங்காப்பால் வச்சுக் கொப்பளிங்க" என்றேன். "சாரமில்ல, சரியாயிரும்" என்று நீங்களும் உருண்டையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டீர்கள். பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட திருப்தி நமக்கு. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாட நின்றபோது உங்களுக்கு வாய் விரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய்ப்புற்று, முற்றிவிட்டது என்றார்கள். நான் சொன்ன வைத்தியத்தை நினைத்து இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

இப்போது ஜெசி எர்ணாகுளத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இதே நோயைத்தான் பெரிசாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். போன மாதம் லீவில் வந்தவள், வந்ததும் வராததுமாக, "அத்தை, வாயத் திறங்க" என்று டார்ச்சை அடித்தாள். என் கன்னத்திலும் ஒரு வெள்ளைத் திட்டு.

"சுண்ணாம்பு பொத்ததுதாம்ளா, சாரமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அன்று நான் சொன்னதும் நீங்கள் சொன்னதும் சேர்ந்து என் வாயிலிருந்து வந்திருந்தது. ஜெசி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "பொத்த புண்ணு ரெண்டு வாரத்துல ஆறிரும் அத்தை. இது எத்தன நாளா இருக்கு?" என்றாள். ஈஸ்டருக்கு முன்னால் இருந்தே இருக்கிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் பயந்தது உங்களுக்கு மட்டும் தெரியட்டும். புற்று இன்னும் ஆகவில்லை, ஆகக் கிளம்பியிருக்கிறது என்றார் டாக்டர். அந்த இடத்தை வெட்டி எடுத்தாயிற்று. ஒரு வாரம் கஞ்சி, அவ்வளவுதான். இனி குறித்த நாளில் போய்க் காட்டிவர வேண்டும். வெற்றிலையையும் விட்டுவிட்டேன்.

வெந்த இடம் ஒவ்வொரு தடவையும் ஆறி ஆறிப் புதுசாகும்போது உள்ளே சின்னச் சின்னப் பிழை சேர்கிறதாம். வருஷக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் நோயாகிறதாம். "அந்த வருஷமெல்லாம் நமக்குக் கிடைக்கிற நேரம், அத்தை" என்றாள் உங்கள் மகள். இன்னொன்றும் சொன்னாள். நோயை விரட்டுகிற நம் உடம்பின் காவல்காரர்களின் கண்ணை அந்தப் புற்று கட்டிவிடுகிறதாம். அந்தக் கட்டை அவிழ்க்கிற மருந்தெல்லாம் இப்போது வந்திருக்கிறதாம். "ஒங்க அம்மைக்கு இது கிடைச்சிருந்தா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் கேக்காது. சிலருக்கு நல்லாக் கேக்குது" என்று உள்ளதைச் சொன்னாள். பொய்யாக ஆறுதல் சொல்லாத பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள்.

இன்று டப்பாவைச் சுரண்டிக் கழுவி, அட்டைக்குப் புதுச் சுண்ணாம்பு வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து நிரை மேரி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் சுண்ணாம்பு தாங்கக்கா."

"காலுக்கா, வாய்க்கா?"

"வாய்க்குத்தான்."

"ஏட்டி, அப்ப மொதல்ல வாயத் திற."

சிரித்துக்கொண்டே திறந்தாள். கூடையைக் கீழே இறக்கி வைத்தேன், மதினி. ஜெசி கொடுத்துப்போன டார்ச்சை அடித்து, இரண்டு கன்னத்தையும் நாக்கின் அடியையும் முழுசாகப் பார்த்தேன். நிறுவைக்கு மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.