வாசலோடு நின்ற பூவெழுத்துகள்

கோவென்ட்ரி,
மார்ச் மாதம், ஞாயிறு மாலை

அன்பு மகள் ஊனாவுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மூட்டுவலி பழையபடிதான் என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே பெர்த்தில் நீயும் கிரெகும் வயிற்றுப்பிள்ளையும் சுகமாயிருந்தால் எனக்கு அதுவே போதும். நிறைமாதக்காரியை விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நீ போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா அடக்கத்துக்கு நீ வராததைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் நான் விட்டிருக்கவும் மாட்டேன். ஆனால் அன்று வாசலில் நடந்ததை உன் தம்பி டெர்மட் அவன் பாணியில் உனக்குச் சொல்லியிருக்கிறான், லென் மாமா அவர் பாணியில் சொல்லியிருக்கிறார். "ஒரு பட்டப்பேருக்குப் போய் இவ்வளவு ரகளையாம்மா" என்று நீ கேட்டபோது எனக்குப் போனில் பேச வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று காலையிலிருந்தே மழை. பெட்டியோடு வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது, சாவு மரியாதைக்காகத் தெருவில் எல்லார் வீட்டுத் திரையும் மூடியிருந்தது. அப்போது லென் மாமாவும் அவரைப் போலவே அப்பாவோடு வேலை பார்த்த தொழிற்சாலைக் கிளப் ஆட்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு எழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சாமந்தியில் கட்டிய முழங்கால் உயர எழுத்துகள், பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி வழியே ஊருக்குத் தெரிகிற மாதிரி வைக்க. எம், ஐ, சி, கே. மிக். அயர்லாந்திலிருந்து எவன் வந்தாலும் பெயரைக் கேட்கும் முன்பே மிக் என்று வைத்துவிடுவது அந்தத் தொழிற்சாலைப் பழக்கம், உனக்குத் தெரியும். அங்கே பெரிய மிக், சிவப்பு மிக், சும்மா மிக் என்று மூன்று பேர் இருந்தார்கள், உன் அப்பா சும்மா மிக். டெர்மட் படியிறங்கிப் போய் வழியை மறித்து நின்றுகொண்டான். "எங்கப்பா பேரு கோல்மன். நாயைக் கூப்பிடுற மாதிரி இத்தனை வருஷம் கூப்பிட்டது போதும் மாமா. இது இனவெறி, இதுக்கு வேற பேரே கிடையாது" என்றான். லெனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கா இனவெறி? உன் ஞானஸ்நானத்துக்கு உன்னைக் கையில ஏந்தினவன்டா நான்" என்றார். பின்னால் கடைசி எழுத்தைப் பிடித்திருந்த கிழவர், "ஆஸ்திரேலியாக்காரன் இங்கிலாந்துக்காரங்க நம்ம எல்லாரையும் பொம்முன்னு கேலியாக் கூப்பிடுறான், நாம என்ன மூக்கைச் சிந்திக்கிட்டா இருக்கோம்" என்றார். அதற்கு டெர்மட், "அந்தப் பேரைச் சொல்லி உங்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு இல்லைன்னு கதவைச் சாத்தலையே" என்றான். வண்டிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புருஷனைப் புதைக்கப் போகிற அன்று இந்தப் பஞ்சாயத்தும் என் தலையில்தான் விழ வேண்டுமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. "பூவைக் கிளப்புக்கு எடுத்துட்டுப் போங்க லென், அவர் நாற்காலியில வைங்க, அங்க அவர் மிக்காவே இருக்கட்டும், கோயிலுக்குக் கோல்மனா வரட்டும்" என்றேன். லென் மழையில் நின்றபடியே, "பிடிக்கலைன்னு அவன் ஒரு நாளாவது சொன்னானா பெரில்? சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே" என்று கேட்டார். இல்லை, சொன்னதில்லை என்றேன். அது உண்மைதான்.

லெனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, டெர்மட்டுக்கு இது புரியாது. பர்மிங்ஹாமில் அயர்லாந்துத் தீவிரவாதிகள் குண்டு வைத்த வருஷம் நீ கைக்குழந்தை. அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போனபோது அவருடைய அலமாரிக் கதவில் யாரோ சாக்கட்டியால் மிக்கை வெளியே அனுப்பு என்று எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். லென் மட்டும் தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்து, "தள்ளி உட்காருடா மிக், உருளைக்கிழங்கு ஆறுது" என்றாராம். கதவில் எழுதியிருந்ததும் அதே பெயர், லென் வாயில் வந்ததும் அதே பெயர். அன்று லென் இல்லாவிட்டால் அப்பா அயர்லாந்தில் தன் ஊரான மேயோவுக்கே திரும்பிப் போயிருப்பார், நீயும் டெர்மட்டும் அங்கே வளர்ந்திருப்பீர்கள். இதையெல்லாம் நான் டெர்மட்டிடம் சொன்னேன், "அதனால?" என்று கேட்டுவிட்டுக் காரைக் கழுவப் போய்விட்டான்.

ஆனால் ஊனா, நான் பார்த்தது ஒன்று இருக்கிறது, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வேலை முடிந்தோ கிளப்பிலிருந்தோ வந்தால் அப்பா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துதான் பூட்ஸைக் கழற்றுவார். அயர்லாந்துக்காரனை மண்டு என்று கேலி பேசும் ஜோக்குகளை அந்தக் கிளப்பில் அவரளவுக்குச் சொல்ல ஆள் கிடையாது, தன் ஊர்ப் பேச்சையே இன்னும் இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்கவைப்பார். அந்த ஆளா இவர் என்று இருக்கும், அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது. கோபமும் இருக்காது, வருத்தமும் இருக்காது, சும்மா அசந்துபோன முகம். நாள் முழுக்க இயந்திரத்தோடு நின்ற அசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கிளப்பிலிருந்து வந்தால் அதே முகம்தான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோல்மன் என்று கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திறக்காமல் கையை நீட்டுவார். லென் வந்து, "என்னடா மிக், இன்னும் படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குறியா" என்றதும் முழங்கையை ஊன்றி எழுந்து, மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்க ஒரு மண்டு ஜோக்கை ஆரம்பித்து முடித்தும்விட்டார். லென் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். கதவு சாத்தியதும் அப்பா தலையணையில் விழுந்து, "போயிட்டானா" என்று கேட்டார். போய்விட்டார் என்றேன். "அப்பாடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "லென் நல்லவன்" என்றார். அதன் பிறகு அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை.

போன வாரம் லென் மாமா கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து தருகிறேன் என்று ஏணியோடு வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. ஏணியில் நின்றபடியே, கீழே பார்க்காமல், "நிஜமாவே அவன் வேற எதுவும் சொல்லலையா பெரில்" என்று மறுபடியும் கேட்டார். "லென் நல்லவன்னு சொன்னார்" என்றேன். ஏணியிலிருந்து இறங்கவே அவருக்கு நேரம் பிடித்தது. அந்த எழுத்துகள் இன்னும் கிளப்பில் அப்பா நாற்காலிமேல்தான் சாய்ந்திருக்கின்றனவாம், பூவெல்லாம் பழுப்பாகிவிட்டதாம், எடுத்துப் போட யாருக்கும் கை வரவில்லையாம்.

இது இனவெறியா இல்லையா என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியாது. டெர்மட் ஆம் என்கிறான், லென் இல்லை என்கிறார், இரண்டு பேருமே அப்பாவுக்காக அழுகிறவர்கள்தான். உன் ஆபீசில் வளைகாப்பு மாதிரி ஏதோ கொண்டாடி, கேக்கின் மேல் சின்ன பொம்முக்கு நல்வரவு என்று எழுதியிருந்தார்கள், எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்துதான் எனக்கு மனசு சரியில்லை. உனக்கு யாரும் வீடு இல்லை என்று சொல்லவில்லை, கதவில் எழுதவில்லை, ஒருவேளை அது வெறும் கேக்காகவே இருக்கலாம். ஆனால் நீ அப்பா பெண், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து எனக்கு எழுது. அங்கே அதைப் பார்க்க நான் இல்லை.

இரும்பு மாத்திரையை விடாதே, கனமாக எதையும் தூக்காதே, கிரெகை அதட்டி வேலை வாங்கு. அப்பா கும்பிட்ட மாதா உன் பிரசவத்தைச் சுகமாக நடத்தித் தரட்டும். பையன் பிறந்தால் கோல்மன் என்று வைப்பதாகச் சொன்னாய், வை, கூப்பிடுகிறவர்கள் எல்லாரையும் அதை முழுசாகக் கூப்பிடச் சொல். மறக்காமல் லென் மாமாவுக்கு ஒரு போன் செய், அவர் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார், அவரிடம் அன்பாகப் பேசு. அப்பா அவரை நல்லவன் என்று சொன்னதை நீயும் சொல். அதற்கு முன்னால் சொன்ன "அப்பாடா" மட்டும் நம் இருவரோடு போகட்டும்.

உன் அம்மா,
பெரில் டர்கன்